பழைய கல்லூரியில் மாநாடும் விருந்தும்: ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டர்ஹம் கல்லூரிச் சேவைகள் பற்றிய மதிப்பீடு

இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகக் கல்லூரிகள், மாணவர்கள் ஊருக்குப் போயிருக்கும் வாரங்களில் தங்கள் அறைகளையும் விரிவுரைக் கூடங்களையும் உணவு ஹாலையும் வெளியாருக்கு வாடகைக்கு விடுகின்றன. நானூறு ஐந்நூறு ஆண்டு பழைய மரக்கூரைக்குக் கீழே, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், சுவரிலிருந்து அரசர்களும் ஆயர்களும் பார்த்துக்கொண்டிருக்க, இருநூறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து வேறு இடத்தில் எளிதில் அமையாது. அதே கட்டடத்தில் சக்கர நாற்காலியில் வந்தவர் ஹாலுக்கு ஏற முடியாமல் நிற்பதும், காலையில் குளியலறைக்கு வரிசை கட்டுவதும், தேநீர் இடைவேளையில் மின்சாரம் போவதும் நடக்கும். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். கல்லூரி ஹோட்டல் இல்லை. பெரிய குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் வீடு. அந்த வீட்டின் நேரத்துக்கும் பழக்கத்துக்கும் நிகழ்ச்சியை வளைத்துக்கொண்டவர்களுக்கு அது அள்ளிக் கொடுக்கிறது. ஹோட்டலில் போட்ட திட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தவர்களை ஒவ்வொரு மணி நேரமும் திணறடிக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 60 முதல் 200 பேர் வரை, இரண்டு மூன்று இரவு தங்கி, ஒரே அரங்கில் உட்கார்ந்து பேசும் மாநாட்டுக்கு இது மிகச் சிறந்த இடம். ஒரே நேரத்தில் ஆறேழு அமர்வுகள் ஓடும் மாநாட்டுக்கும், நிறுவனங்கள் கடை விரிக்கும் கண்காட்சிக்கும், காலையில் வந்து மாலையில் கிளம்பும் கூட்டத்துக்கும் வேறு இடம் பார்ப்பது நல்லது. கல்லூரிக்குக் கொடுக்கும் பணத்தின் பலன் பெரும்பாலும் மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் கிடைக்கிறது.

நாட்காட்டி

ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஆண்டுக்கு மூன்று பருவங்கள்; ஒவ்வொன்றும் சுமார் எட்டு வாரம். அந்த வாரங்களில் அறை கிடைக்காது. ஹாலும் மாணவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான், அதுவும் சில இரவுகளில் மட்டும். மாநாட்டுக்குத் திறந்திருக்கும் காலம் இரண்டு: மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை, ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. டிசம்பரிலும் சில நாட்கள் கிடைக்கும். ஆனால் கிறிஸ்துமஸை ஒட்டிப் பல கல்லூரிகள் முழுக்க மூடிவிடுகின்றன.

திறந்திருக்கும் காலத்துக்குள்ளும் பள்ளங்கள் உண்டு. கேம்பிரிட்ஜில் மே வாரம் என்று அழைக்கப்படும் கொண்டாட்டம் நடப்பது ஜூனில். அப்போது புல்வெளி முழுவதும் கூடாரமும் மேடையுமாக இருக்கும். பழைய மாணவர் கூடல்கள் ஜூன் இறுதியிலும் செப்டம்பரிலும் வார இறுதிகளைப் பிடித்துக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கோடைப்பள்ளி மாணவர்கள் நூற்றுக்கணக்கில் தங்குவார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் இருநூறு பேருடன் ஒரே காலை உணவு வரிசையில் உங்கள் பேராசிரியர்கள் நிற்க வேண்டியிருக்குமா என்பதை முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அதே நாட்களில் உள்ளே வேறு எந்தக் குழு இருக்கும் என்று கேட்டால் மாநாட்டு அலுவலகம் மறைக்காமல் சொல்லும். கேட்காதவர்களுக்குத் தானாகச் சொல்வது குறைவு.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: சாரம். கூரை மாற்றுவது, கல் சுத்தம் செய்வது, குழாய் புதுப்பிப்பது எல்லாம் மாணவர்கள் இல்லாத கோடையில்தான் நடக்கும். படத்தில் பார்த்த முற்றம் நீங்கள் போகும் வாரத்தில் இரும்புக் குழாய்களுக்குள் இருக்கலாம், காலை எட்டு மணிக்குத் துளைக்கருவி ஓடலாம். 150 பேருக்கு மேல் தங்கும் மாநாட்டுக்கு 18 முதல் 24 மாதம் முன்னதாகப் பேசத் தொடங்கினால் நாள் தேர்வு உங்கள் கையில் இருக்கும்.

எங்கள் பரிந்துரை செப்டம்பர் நடு. கோடைப்பள்ளிகள் போயிருக்கும், ஊரில் கூட்டம் குறைந்திருக்கும். விருந்துக்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறோம்.

ஹால்

ஆக்ஸ்ஃபோர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் ஹால் 1520களில் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சரான கார்டினல் வுல்சி கட்டியது. 300 பேர் வரை உட்காரலாம். கூரையின் மர வேலைப்பாடு, சுவர் நிறைய ஓவியங்கள், அங்கே ஏறிப்போகும் கல் படிக்கட்டு எல்லாம் சேர்ந்து, விருந்தினர் உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்க வைக்கும். ஆனால் பகலில் அது கட்டணம் கொடுத்து வரும் சுற்றுலாப் பயணிகளின் இடம். மேசை அலங்காரம், ஒலிபெருக்கி, பெயர் அட்டை எல்லாவற்றையும் அவர்கள் போன பிறகு கிடைக்கும் குறுகிய நேரத்தில் முடிக்க வேண்டும். மதியமே ஒலிச் சோதனை என்று திட்டம் போட்டால் நடக்காது.

கீபிள் கல்லூரி 1870-ல் தொடங்கியது. வில்லியம் பட்டர்ஃபீல்டு வடிவமைத்த செங்கல் கட்டடம். 1878-ல் திறந்த அதன் ஹால் ஆக்ஸ்ஃபோர்டிலேயே நீளமானது. புராதனம் குறைவுதான். ஆனாலும் மாநாட்டுக்கு அது தரும் வசதி அதிகம்: படிவரிசை இருக்கைகள் கொண்ட நவீன அரங்கும் பெரிய ஹாலும் நிறைய படுக்கைகளும் ஒரே வளாகத்துக்குள். பகல் அமர்வுக்கு ஓரிடம், இரவு விருந்துக்கு இன்னோரிடம் என்று ஊருக்குள் அலைய வேண்டியதில்லை.

கேம்பிரிட்ஜில் 1284-ல் நிறுவிய பீட்டர்ஹவுஸின் ஹால் 1290 அளவில் கட்டி முடித்தது. சிறிய, நெருக்கமான விருந்துக்கு அதன் அழகு தனி. டிரினிட்டியின் ஹால் 1600களின் தொடக்கத்தில் எழுந்தது. முக்கியமானவர்கள் அமரும் மேல் மேசைக்குப் பின்னால் எட்டாம் ஹென்றியின் பெரிய ஓவியம். குவீன்ஸ் கல்லூரியில் பதினைந்தாம் நூற்றாண்டுப் பழைய ஹாலும் உண்டு, ஆற்றுக்கு அக்கரையில் நவீனக் கட்டடமும் உண்டு; இரண்டையும் இணைத்துத் திட்டமிடுபவர்களுக்கு இது வசதி. தொழில்நுட்பமும் எளிதான நடமாட்டமும்தான் முதல் தேவை என்றால் 1960-ல் நிறுவிய சர்ச்சில் கல்லூரியையும், 1970களில் பிறந்த ராபின்சன் கல்லூரியையும் பார்க்கலாம். ராபின்சன் மாநாட்டு வருமானத்தை மனத்தில் வைத்தே கட்டப்பட்டது. கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் மிகப் பெரிய உணவு ஹால் சர்ச்சிலில்தான். பழமை மட்டும் அங்கே எதிர்பார்க்கக் கூடாது.

டர்ஹமில் யூனிவர்சிட்டி காலேஜ் இயங்குவதே கோட்டைக்குள். பல்கலைக்கழகம் 1832-ல் பிறந்தது. கோட்டை அதன் கைக்கு வந்தது சில ஆண்டுகள் கழித்து. கோட்டையும் பேராலயமும் 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். கோட்டையின் கிரேட் ஹாலில் விருந்து, எதிரே பேராலயம் என்று அமையும்போது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளுக்கு அது எந்த வகையிலும் குறைந்ததில்லை. லண்டனிலிருந்து தொலைவு என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். வடக்கிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் ஆட்கள் வருவதானால் விடக்கூடாது.

எந்த ஹாலாக இருந்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஒரு முனையில் சற்று உயர்ந்த மேடையில் குறுக்காக மேல் மேசை. அதிலிருந்து நீளவாக்கில் ஓடும் ஓக் மர மேசைகள். வட்ட மேசை வேண்டும் என்று கேட்காதீர்கள். அந்த மேசைகளை நகர்த்த எட்டுப் பேர் வேண்டும், பல ஹால்களில் அவற்றை வைக்க வேறிடமும் கிடையாது. ஒருவருக்கு 60 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டால் 6 மீட்டர் மேசையில் பக்கத்துக்குப் பத்துப் பேர். விற்பனைத் தாளில் போட்டிருக்கும் எண்ணிக்கை மாணவர்கள் நெருக்கி உட்காரும் கணக்காக இருக்கலாம். மூன்று கண்ணாடிக் கோப்பை, ரொட்டித் தட்டு, பெயர் அட்டை வைக்கும் விருந்துக்குப் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து எண்ணுங்கள்.

நாற்காலியா, பெஞ்சா என்பது அடுத்த கேள்வி. பெஞ்சு என்றால் நடுவில் உட்கார்ந்தவர் எழ வேண்டுமானால் பக்கத்தில் நால்வர் எழ வேண்டும், அல்லது காலைத் தூக்கித் தாண்ட வேண்டும். சேலை கட்டியவர்களுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது தண்டனை. பேச்சாளர்கள், பரிசு வாங்குபவர்கள், வயதானவர்கள் எல்லோருக்கும் வரிசையின் கோடி இருக்கையைக் கொடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். சில கல்லூரிகள் பெஞ்சுக்குப் பதில் நாற்காலி போட்டுத் தரும். எண்ணிக்கை குறையும், கூடுதல் கட்டணமும் வரலாம். தயங்காமல் கொடுக்கலாம்.

ஒலியும் ஒளியும்

விருந்தில் அதிகமாகக் கெட்டுப்போவது பேச்சுதான். கல் சுவர், உயர்ந்த கூரை, திரைச்சீலையோ கம்பளமோ இல்லாத தரை. 150 பேர் பேசத் தொடங்கி முதல் உணவு முடிவதற்குள் எதிரில் இருப்பவர் சொல்வதே பாதி கேட்காது. மேல் மேசையிலிருந்து ஒரே ஒலிபெருக்கியை முடுக்கிவிட்டால் முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்கு வார்த்தை குழம்பும். கூடத்தின் பின்பகுதியில் இரண்டாவது ஜோடி ஒலிபெருக்கி வைப்பது சரியான வழி. ஆனால் அதை அப்படியே இணைத்தால் வேறு கோளாறு வரும். ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லிநொடி எடுக்கும். 30 மீட்டர் ஹாலின் கடைசியில் இருப்பவருக்கு முன் ஒலிபெருக்கியின் குரல் 90 மில்லிநொடி தாமதமாக வரும், பக்கத்து ஒலிபெருக்கியின் குரல் உடனே வரும். 50 மில்லிநொடியைத் தாண்டிய இடைவெளி காதுக்கு எதிரொலியாகவே கேட்கும். ஆகவே இரண்டாவது ஜோடிக்கு, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்துக்கேற்பத் தாமதம் கொடுத்து, அதன்மேல் 10 மில்லிநொடி சேர்க்க வேண்டும். கல்லூரியின் சொந்த ஒலி அமைப்பில் இது ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கும். வெளியிலிருந்து கருவி கொண்டுவருபவரிடம் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மேசைகள் நீளவாக்கில் இருப்பதால் பேச்சாளரைப் பார்க்க எல்லோரும் பக்கவாட்டில் கழுத்தைத் திருப்ப வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் அது தாங்காது. உரை ஒன்றோ இரண்டோ போதும், ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம். படம் காட்டும் உரையை ஹாலில் வைக்கவே வேண்டாம். அதை மாலை ஐந்து மணிக்கு அரங்கில் முடித்துவிட்டு விருந்துக்கு வருவது நல்லது.

இனி செப்டம்பரின் காரணம். ஜூன் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிறது. ஏழரைக்குத் தொடங்கும் மெழுகுவர்த்தி விருந்தில் உயர்ந்த ஜன்னல்கள் வழியே வெயில் கொட்டிக்கொண்டிருக்கும். மெழுகுவர்த்தி எரிவதே தெரியாது. மேற்கு ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தவர் கண்ணைச் சுருக்கியபடி சாப்பிடுவார். செப்டம்பர் நடுவில் ஏழே காலை ஒட்டி மறைந்துவிடும். முதல் தட்டு வரும்போது வெளியே நீலம், இரண்டாவது வரும்போது உள்ளே மெழுகுவர்த்தியின் பொன்னிறம் மட்டும். ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல் கிடைக்கும் அலங்காரம் இது. ஏப்ரல் தொடக்கமும் ஏறக்குறைய இதே கணக்கில் வரும். அப்போது ஹால் குளிராக இருக்கும், வெப்பமூட்டியை மதியமே போடச் சொல்ல வேண்டும்.

எல்லாக் கல்லூரியும் எரியும் மெழுகுவர்த்திக்கு அனுமதி தருவதில்லை; சிலவற்றில் எல்இடி விளக்குதான். அனுமதி உள்ள இடத்திலும் அவர்கள் தரும் தாங்கியைத் தவிர வேறெதையும் வைக்க முடியாது. பலகைச் சுவரில் ஒட்டுவதும் ஆணி அடிப்பதும் கூடாது. ஹீலியம் பலூன் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்: நூல் நழுவி அது கூரை மரங்களுக்கிடையே ஏறினால் எடுக்கச் சாரம் கட்ட வேண்டும், புகை உணரும் ஒளிக்கற்றையின் குறுக்கே நின்றால் நள்ளிரவில் தீ மணி அடிக்கும்.

சாப்பாடு

பெரும்பாலான கல்லூரிகள் வெளிச் சமையற்காரரை உள்ளே விடுவதில்லை. சொந்தச் சமையலறை, சொந்தச் சமையல் தலைவர். இதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. எங்கள் பார்வையில் இது பலம். தினமும் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைத்து, வாரத்தில் சில இரவுகள் முறையான விருந்தும் பரிமாறிப் பழகிய அணி அது. 180 தட்டுகளைப் பன்னிரண்டு நிமிடத்தில் மேசைக்குக் கொண்டுவர அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் படிக்கட்டோ முற்றமோ இருக்கும். சூடாக வைக்கும் உணவு 63 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது என்பது இங்கிலாந்தின் உணவுச் சட்டம். சூடு தாங்காத, நிமிடத்தில் உருக்குலையும் பதார்த்தங்களைப் பெரிய விருந்தில் கேட்காதீர்கள்: நடுவே சிவப்பாக வாட்டிய மாட்டிறைச்சி, மெல்லிய மீன் துண்டு, ஊதிய சூஃப்ளே. மெதுவாக வேகவைத்த ஆட்டுக்கறி, கோழி, கத்தரிக்காயோ பூசணியோ முதன்மையான சைவத் தட்டு எல்லாம் நன்றாகத் தாங்கும். முதல் உணவைக் குளிர்ந்ததாக வைத்தால், விருந்தினர் உட்காரும்போதே மேசையில் இருக்கும். பதினைந்து நிமிடம் மிச்சம்.

சைவத்தில் ஏமாறுவது எளிது. பார்மசான் சீஸ் கன்றின் குடல் நொதியில் உறைய வைத்தது. வூஸ்டர் சாஸில் நெத்திலி உண்டு. பன்னா கோட்டா, மூஸ் வகை இனிப்புகளில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் முட்டையும் வரும், இதெல்லாமும் வரலாம். முட்டை கூடாது, ஜெலட்டின் கூடாது, வெங்காயம் பூண்டு கூடாது என்று தனித்தனி எண்ணிக்கையாக எழுதிக் கொடுங்கள். ஒவ்வாமை பற்றிச் சட்டம் சொல்லும் பொருட்கள் 14. அவற்றில் கடுகும் எள்ளும் உண்டு என்பதைப் பதிவுப் படிவம் தயாரிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

படிவத்தில் சரியாக இருந்தும் விருந்தில் தவறுவது ஏன்? ஆட்கள் இடம் மாறுகிறார்கள். இருக்கை வரைபடத்தை வைத்துக்கொண்டு பரிமாறுபவர் கொடுக்கும் சைவத் தட்டு, நண்பர் பக்கத்தில் போய் உட்கார்ந்தவரின் பழைய இடத்துக்குப் போய்விடும். பெயர் அட்டையின் பின்புறம் நிறப்புள்ளி ஒட்டி, ஆள் மாறினால் அட்டையும் மாற வேண்டும் என்று வரவேற்பிலேயே சொல்லிவிடுங்கள். பதிவு செய்த சைவத் தட்டுகளுக்கு மேல் ஐந்து சதவீதம் கூடுதலாகச் சமைக்கச் சொல்லுங்கள். அசைவம் கேட்டவர் எதிர்த் தட்டைப் பார்த்து மனம் மாறுவது எல்லா விருந்திலும் உண்டு.

சில கல்லூரிகள் குறிப்பிட்ட வகைச் சமையலுக்கு வெளியாரை அனுமதிக்கும். அப்போதும் அடுப்பு கிடைக்காது. வெளியே சமைத்து வண்டியில் கொண்டுவர வேண்டும், 63 டிகிரி விதி அதற்கும் பொருந்தும். ஆக்ஸ்ஃபோர்டு நகர மையத்தின் சில தெருக்களில் 2022 முதல் மாசற்ற வாகன மண்டலம் நடப்பில் உள்ளது. டீசல் வேனில் வருபவர் நாள்தோறும் கட்டணம் கட்ட வேண்டும். வாசலில் நிறுத்தி இறக்கவும் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும்.

ஒயின் விஷயத்தில், நிலவறையைக் கவனிக்கும் கல்லூரி பட்லரின் பேச்சைக் கேட்பது புத்திசாலித்தனம். பழைய கல்லூரிகளின் நிலவறைகள் பெயர் பெற்றவை; பட்டியலின் நடு விலையில் அவர் கைகாட்டுவது பெரும்பாலும் நல்ல தேர்வாக இருக்கும். கணக்கு இது: 75 சென்டிலிட்டர் பாட்டிலில் 125 மில்லி கோப்பை ஆறு. 150 பேர் வரவேற்பில் தலைக்கு ஒன்றரைக் கோப்பை என்றால் 38 பாட்டில். உணவுக்குத் தலைக்கு அரை பாட்டில் என்றால் 75. விருந்தின் முடிவில் வரும் இனிப்பான போர்ட் ஒயின் 60 மில்லி வீதம் ஊற்றினால் ஒரு பாட்டில் 12 பேருக்கு வரும். குடிக்காதவர்கள் எத்தனை பேர் என்று பதிவிலேயே கேட்டு அந்த விகிதத்தைக் கழியுங்கள். திறக்காத பாட்டிலுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்று எழுத்தில் வாங்குங்கள். குடிக்காதவர்களுக்கு ஆரஞ்சு ஜூஸ் மட்டும் வைப்பது இன்றும் நடக்கிறது; நல்ல பழச்சாறோ மதுவில்லா ஒயினோ கேட்டால் தருவார்கள்.

நேர ஒழுங்கு: 6:45 வரவேற்பு, 7:25 மணியடிப்பு, 7:35-க்குள் எல்லோரும் இருக்கையில், மேல் மேசையினர் நுழையும்போது எழுந்து நிற்பது, லத்தீனில் சிறு பிரார்த்தனை, உடனே முதல் உணவு. மூன்று உணவு முடிய இரண்டு மணி நேரம். சீஸும் காப்பியும் சேர்ந்தால் இரண்டரை. உரைகளைக் காப்பிக்குப் பிறகு வையுங்கள். உணவுக்கு நடுவே வைத்தால், ஐந்து நிமிடம் என்றவர் பதினைந்து நிமிடம் பேசுவார், அடுத்த தட்டு சமையலறையில் காய்ந்துகொண்டிருக்கும். மணியடித்ததும் கூட்டம் நகராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கோப்பையோடு முற்றத்தில் நிற்கும் 150 பேரை ஒரே வாசல் வழியாக உள்ளே கொண்டுவரப் பத்து நிமிடம் ஆகும். புல்வெளியில் வரவேற்பு வைக்கத் தனி அனுமதி வேண்டும்; பல கல்லூரிகளில் புல்லின்மேல் நடப்பது ஆசிரியப் பேரவை உறுப்பினர்களுக்கு மட்டும் உள்ள உரிமை. மழைக்கு மாற்றிடம் எது என்று ஒப்பந்தத்தில் பெயரோடு இருக்கட்டும்.

அறைகள்

படுக்கை பெரும்பாலும் ஒற்றை. தம்பதியாக வருபவர்களுக்கு இரட்டைப் படுக்கை கிடைப்பது அரிது. குளியலறை இணைந்த அறைகள் புதிய கட்டடங்களில் இருக்கும். படத்தில் காட்டும் பழைய முற்றத்து அறைகளில் நாலைந்து பேருக்கு ஒரு குளியலறை, மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. எத்தனை அறை இணைப்புக் குளியலறையுடன், அவற்றில் எத்தனை முதன்மை வளாகத்துக்குள், எத்தனை பதினைந்து நிமிட நடையில் உள்ள துணைக் கட்டடத்தில் என்று மூன்று எண்களையும் பிரித்துக் கேளுங்கள். ஒரே எண்ணாகச் சொன்னால் மறுபடி கேளுங்கள்.

அறை முகவரி நீண்ட தாழ்வாரத்தில் வரிசை எண்ணாக இருக்காது. படிக்கட்டின் எண்ணோ எழுத்தோ முதலில், அறை எண் பிறகு. இரவு பதினொன்றுக்கு வந்து சேர்பவர் இருட்டு முற்றத்தில் ஏழாம் படிக்கட்டைத் தேடி அலைவார். வளாக வரைபடத்தை முன்கூட்டியே அனுப்புங்கள். தாமதமாக வருபவர்களின் பட்டியலை வாயிற்காவல் அறையில் கொடுத்துவையுங்கள். அங்கே இருக்கும் வாயிற்காவலர்களான போர்ட்டர்கள்தான் இந்த வீட்டின் உண்மையான கைகள். சாவி, பெட்டி, டாக்ஸி, தொலைந்த கண்ணாடி எதுவானாலும் அவர்களிடம் மரியாதையாகப் பேசுபவருக்கு எல்லாம் நடக்கும். இந்தச் சேவைக்கு நாங்கள் முழு மதிப்பெண் தருகிறோம்.

குளிர்சாதனம் இருக்காது. ஜன்னல் பாதுகாப்புக்காகப் பத்து சென்டிமீட்டர்தான் திறக்கும். வெப்ப அலை வரும் ஜூலையில் மேல் மாடி அறையில் தூங்குவது கடினம். மின்விசிறி தருவார்களா என்று கேட்டுவையுங்கள். காலை பத்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்பதால், கடைசி நாள் ஒன்பது மணி அமர்வுக்கு முன்பே பெட்டிகள் வைக்கப் பூட்டும் அறை ஒன்று தயாராக இருக்க வேண்டும்.

பகல் அமர்வு

நவீன அரங்கு உள்ள கல்லூரியில் சொல்ல அதிகமில்லை. எல்லாம் நன்றாகவே ஓடும். பழைய கூட்ட அறைகளில்தான் பார்க்க வேண்டும். ஜன்னலை இருட்டாக்கத் திரை இல்லாமல் ப்ரொஜெக்டர் வெளிறிப்போகும். சுவரில் மின்செருகி இரண்டே இருக்கும். 3 கிலோவாட் தேநீர்க் கலன் ஒன்று 13 ஆம்பியர் இழுக்கிறது. 32 ஆம்பியர் சுற்றில் இரண்டு தாங்கும். மூன்றாவதைச் செருகினால் 39. பிரேக்கர் உடனே விழாது. சூடேறிக்கொண்டே இருந்து, நடு அமர்வில் ப்ரொஜெக்டரையும் சேர்த்துக்கொண்டு விழும். தேநீரை வேறு சுற்றில் உள்ள அறையில் வைக்கச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகத்தார், பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான எடுரோம் வைஃபையில் தானாக இணைந்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு விருந்தினர் குறியீடு வேண்டும். அதை அச்சடித்துப் பெயர் அட்டையின் பின்புறம் போட்டுவிட்டால் பதிவு மேசையில் பாதிக் கேள்விகள் குறையும். மதிய உணவு தட்டேந்தி வாங்கும் முறை என்றால், ஆளுக்குப் பத்து நொடி வைத்தாலும் 120 பேருக்கு ஒரு கவுன்டரில் இருபது நிமிடம். இரண்டு கவுன்டர் கேளுங்கள், இல்லையென்றால் இடைவேளையை 75 நிமிடமாக்குங்கள்.

படிகள்

கிறைஸ்ட் சர்ச், நியூ காலேஜ் ஹால்கள் இரண்டும் மேல்தளத்தில். முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தில் லிஃப்ட் வைப்பது எளிதல்ல; ஆனாலும் 2010 சமத்துவச் சட்டப்படி நியாயமான ஏற்பாடு செய்யும் கடமை உண்டு. பல இடங்களில் பின்வழி லிஃப்ட் இருக்கிறது, அது சமையலறைப் பக்கம் போகலாம், அகலம் போதாமலும் இருக்கலாம். இணையதளத்தில் ‘அணுகல் உண்டு’ என்று இருப்பதை நம்பி விட்டுவிடாமல், கதவின் அகலம், லிஃப்டின் எடை வரம்பு, அருகிலுள்ள மாற்றுத்திறனாளர் கழிப்பறைக்கு எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். தீ மணி அடித்தால் லிஃப்ட் ஓடாது. அப்போது அவரை யார், எப்படி இறக்குவார்கள் என்ற திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். இதற்குத் திருப்தியான பதில் வராத கல்லூரியை, ஹால் எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிட வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

பணமும் ஒப்பந்தமும்

கல்லூரிகள் விலை சொல்லும் முறை மூன்று: பகல் மட்டும் தலைக்கு இவ்வளவு, 24 மணி நேரம் தலைக்கு இவ்வளவு, அல்லது ஹால், அறை, உணவு எல்லாம் தனித்தனியாக. தங்கும் மாநாட்டுக்கு இரண்டாவது முறை ஒப்பிட எளிது. 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு) வரி சேர்த்த விலையா என்று பாருங்கள். விருந்து தலைக்கு 80 பவுண்டு என்று வாட் இல்லாமல் எழுதியிருந்தால் உண்மையில் 96. 150 பேருக்கு வித்தியாசம் 2,400 பவுண்டு. பதிவுக் கட்டணத்தை முடிவுசெய்த பிறகு இது தெரியவந்தால் ஈடுகட்ட வழியில்லை. நள்ளிரவைத் தாண்டினால் பணியாளர் கட்டணம், ஒலித் தொழில்நுட்பர், மெழுகுவர்த்தி, உணவுப் பட்டியல் அச்சு, மேசை மலர் ஆகியவை தனியாக வருமா என்றும் கேளுங்கள். கல்வி நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் சலுகை விலை பல கல்லூரிகளில் உண்டு, கேட்பவருக்கே கிடைக்கும்.

குறைந்தபட்ச எண்ணிக்கைப் பிரிவைக் கூர்ந்து படியுங்கள். 180 என்று கையெழுத்திட்டு 130 பேர் வந்தால், ஒப்பந்தத்தைப் பொறுத்து 160 பேருக்குக் கட்ட நேரலாம். முதலில் குறைவான எண்ணைச் சொல்லி, கூடும்போது ஏற்றிக்கொள்ளும் உரிமையை வாங்குவது பாதுகாப்பு. அறைகளுக்கு இது பொருந்தாது, அவற்றை முதலிலேயே பிடித்துவைத்து, குறிப்பிட்ட தேதிக்குள் அபராதமின்றித் திருப்பிக் கொடுக்கும் பிரிவைக் கேட்க வேண்டும். இறுதி எண்ணிக்கையும் உணவுக் கட்டுப்பாடுகளும் பொதுவாகப் பத்து வேலை நாட்களுக்கு முன் கேட்பார்கள். உங்கள் பதிவை அதற்கும் ஒரு வாரம் முன்னதாக மூடுங்கள்.

ஒப்பந்தம் போடுபவர் மாநாட்டு அலுவலகத்தில் இருப்பவர்; விருந்து இரவில் அவர் வீட்டுக்குப் போயிருப்பார். அன்றிரவு ஹாலில் பொறுப்பாக இருக்கப்போவது யார் என்று பெயர் கேட்டு, ஒரு வாரம் முன்பு அவருடன் ஹாலிலேயே நின்று அரைமணி நேரம் பேசுங்கள். மணி எப்போது, உரை எப்போது, பட்டியலில் இல்லாமல் வந்து நிற்கும் மூன்று பேரை எங்கே உட்கார வைப்பது, வாயில் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பவை எல்லாம் அந்த அரைமணியில்தான் முடிவாகும்.